பச்சைப் பூ தெரிந்தால் நண்பர் வந்துவிட்டார்: ஐ.சி.கியூ.வில் முதல் நாள்

திறன்பேசியில் புலனத்தைத் திறக்கிறீர்கள். தோழியின் பெயருக்குக் கீழே ‘இயங்கலையில்’ என்று ஒரு சொல் தெரிகிறது. உடனே எழுதத் தொடங்குகிறீர்கள். அந்தச் சொல் இல்லையென்றால், ‘பிறகு பார்த்துக்கொள்வாள்’ என்று விட்டுவிடுகிறீர்கள். இந்தச் சிறு சொல் உங்கள் திரைக்கு எப்படி வந்தது? அவள் இருக்கிறாள் என்பதை உங்கள் பேசிக்குச் சொன்னது யார்? அப்படிச் சொல்லலாமா என்று அவளிடம் யாராவது கேட்டார்களா?

இதற்கு விடை தேட வேண்டுமானால், 1996இல் வெளிவந்த ஐ.சி.கியூ. என்ற மென்பொருளைப் பார்ப்பது நல்லது. இன்றைய செயலிகள் தங்கள் வேலையை மறைத்துச் செய்கின்றன. ஐ.சி.கியூ.வோ ஒவ்வொன்றையும் உங்களிடம் கேட்டுக் கேட்டுச் செய்தது. அதனால் உடனடிச் செய்தியின் அறிவியலைக் கற்க அது மிக வசதியான பாடம். உங்கள் பெற்றோரில் பலர் அதைப் பயன்படுத்தியிருப்பார்கள். வாருங்கள், 1998ஆம் ஆண்டில் ஒரு விண்டோஸ் கணினியின் முன் உட்கார்ந்து, ஐ.சி.கியூ.வைத் தொடங்கிப் பார்ப்போம்.

மின்னஞ்சல் இருந்தும் என்ன குறை?

அந்நாளில் வீட்டில் இணையம் என்றால் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான். கணினியோடு மோடம் என்ற சிறு கருவி இணைந்திருக்கும். நம் நாட்டில் ஜாரிங் சேவை என்றால் 1511, டிஎம்நெட் சேவை என்றால் 1515 என்ற எண்ணை மோடம் அழைக்கும். கீச்சொலியும் இரைச்சலும் சில வினாடிகள் கேட்கும். பிறகுதான் இணைப்பு கிடைக்கும். இணையத்தில் இருக்கும்வரை வீட்டுத் தொலைபேசிக்கு வேறு அழைப்பு வராது. நேரம் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். ஆகவே, வேலை முடிந்ததும் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள்.

இதன் விளைவைக் கவனியுங்கள். ஒருவர் மாலையில் அரை மணி நேரம் இணையத்தில் இருப்பார். அவருடைய நண்பர் இரவில் அரை மணி நேரம் இருப்பார். இருவரும் ஒரே நேரத்தில் இருந்தாலும், அது இருவருக்குமே தெரியாது.

மின்னஞ்சல் அனுப்பலாம். ஆனால், அது அஞ்சல் பெட்டியில் போய்க் காத்திருக்கும். நண்பர் அதை எப்போது திறப்பார் என்று தெரியாது. உரையாடல் அறைகளும் இருந்தன. பின்லாந்தைச் சேர்ந்த யார்கோ ஓய்கரினென் 1988இல் உருவாக்கிய ஐ.ஆர்.சி. அவற்றில் புகழ்பெற்றது. ஆனால், அங்கே நண்பரைச் சந்திக்க வேண்டுமானால், ‘இரவு 9 மணிக்கு இந்த அறைக்கு வா’ என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

செய்தி அனுப்ப வழிகள் பல இருந்தன. ‘அவர் இப்போது இருக்கிறாரா?’ என்று அறியும் வழிதான் வீட்டுப் பயனர்களுக்கு எளிதாகக் கிடைக்கவில்லை.

முகவரி மாறிக்கொண்டே இருந்தால்?

‘நண்பரின் கணினியையே நேராகக் கேட்டுவிட்டால் என்ன?’ என்று நீங்கள் நினைக்கலாம். அதில் ஒரு சிக்கல் உண்டு.

இணையத்தில் சேரும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் ஐ.பி. முகவரி வேண்டும். அது 203.0.113.25 என்பது போல நான்கு எண்களால் ஆனது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். செய்திப் பொட்டலங்கள் இந்த எண்ணைப் பார்த்தே வழி கண்டுபிடித்துப் போகின்றன.

இணையச் சேவை நிறுவனம் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு நிலையான முகவரியை ஒதுக்குவதில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் இணைவதில்லை அல்லவா? எனவே, தன்னிடமுள்ள முகவரிகளை ஒரு குவியலாக வைத்துக்கொண்டு, இணைபவருக்கு அப்போது காலியாக உள்ள ஒன்றைக் கொடுக்கும். அவர் துண்டித்ததும் அதைத் திரும்ப எடுத்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். பள்ளி நூலகத்தில் பைகளை வைக்கும் இடத்தில் தரும் எண் வில்லையைப் போன்றது இது. இன்று உங்களுக்கு 14 கிடைக்கும். நாளை 31 கிடைக்கும். இன்றைய 14 நாளை வேறொருவர் கையில் இருக்கும்.

ஆகவே, நேற்று உங்கள் நண்பர் இருந்த முகவரிக்கு இன்று செய்தி அனுப்பினால், அது முன்பின் தெரியாத ஒருவரின் கணினிக்குப் போய்ச் சேரலாம். மாறிக்கொண்டே இருக்கும் முகவரிக்குப் பின்னால், மாறாத ஓர் அடையாளம் தேவைப்பட்டது.

நால்வரும் ஓர் எண்ணும்

இஸ்ரேலில் மிராபிலிஸ் என்ற சிறு நிறுவனத்தை 1996இல் நான்கு இளைஞர்கள் தொடங்கினார்கள். யாயிர் கோல்ட்ஃபிங்கர், அரிக் வார்டி, செஃபி விகைசர், அம்னோன் அமீர் என்பவை அவர்களின் பெயர்கள். அரிக்கின் தந்தை யோசி வார்டி முதலீடு கொடுத்தார். அதே ஆண்டு நவம்பரில் ஐ.சி.கியூ. வெளிவந்தது. அந்த மூன்று எழுத்துகளையும் ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னால், ‘உன்னைத் தேடுகிறேன்’ என்று பொருள் தரும் வாக்கியம் காதில் விழும்.

அவர்களுடைய தீர்வு இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, ஒவ்வொரு பயனருக்கும் ஒரு நிரந்தர எண். இதை யூ.ஐ.என். என்றார்கள். ஐ.பி. முகவரி எத்தனை முறை மாறினாலும் இந்த எண் மாறாது. இரண்டாவது, எல்லாரும் வந்து தலைகாட்டிவிட்டுப் போகும் ஒரு பொது இடம். அது மிராபிலிஸ் நிறுவனத்தின் வழங்கி. ‘இந்த எண்ணுக்குரியவர் இப்போது இந்த முகவரியில் இருக்கிறார்’ என்ற பட்டியலை அந்த வழங்கி வைத்திருக்கும்.

தொடங்குவோம்

படி 1: பதிவிறக்கம். ஐ.சி.கியூ. இலவசம். ஆனால், மோடத்தின் வேகத்தை மறந்துவிடாதீர்கள். வினாடிக்கு 33,600 பிட் என்பது அன்று நல்ல வேகம். 3 மெகாபைட் அளவுள்ள ஒரு கோப்பை எடுத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய 24 மில்லியன் பிட் இருக்கும். அதை 33,600ஆல் வகுத்தால் சுமார் 714 வினாடி, அதாவது 12 நிமிடம் வரும். கம்பியில் இரைச்சல் இருந்தால் இன்னும் கூடும்.

படி 2: பதிவு. மென்பொருளை நிறுவியதும் ‘நீங்கள் புதிய பயனரா, ஏற்கெனவே எண் உள்ளவரா?’ என்று கேட்கும். உங்கள் இணைப்பு எப்போதும் இருப்பதா, மோடம் வழியாக அவ்வப்போது வருவதா என்றும் கேட்கும். பிறகு பெயர், புனைபெயர், மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றுக்கான கட்டங்கள் வரும். புனைபெயர்தான் நண்பர்களின் திரையில் தெரியும்.

படி 3: அனுமதி. இந்தக் கட்டத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். ‘என்னை யார் வேண்டுமானாலும் தங்கள் பட்டியலில் சேர்க்கலாம்’, ‘என் அனுமதி பெற்ற பிறகே சேர்க்கலாம்’ என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். உங்கள் ஐ.பி. முகவரியைப் பிறருக்குக் காட்டாமல் இருக்கவும், நீங்கள் இயங்கலையில் இருப்பதை இணையப் பக்கங்களில் காட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யவும் தனித்தனித் தேர்வுகள் உண்டு. பலர் இந்தப் பக்கத்தைப் படிக்காமலே அடுத்த பொத்தானை அழுத்திவிட்டுப் போனார்கள். இதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

படி 4: எண்ணும் கடவுச்சொல்லும். பதிவு முடிந்ததும் உங்கள் யூ.ஐ.என். திரையில் தோன்றும். எண்கள் வரிசையாகவே வழங்கப்பட்டதால், முதலில் சேர்ந்தவர்களுக்குக் குறைந்த இலக்கங்கள் கொண்ட எண் கிடைத்தது. பின்னால் வந்தவர்களுக்கு எட்டு, ஒன்பது இலக்கம் ஆனது. அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வார்கள். தொலைபேசி எண்ணைப் போல நண்பர்களுக்குக் கொடுப்பார்கள்.

படி 5: நண்பர்களைச் சேர்த்தல். எண், மின்னஞ்சல், புனைபெயர் என்று எதை வைத்தும் தேடலாம். புனைபெயரை வைத்துத் தேடினால் அதே பெயரில் பலர் வருவார்கள். எண்ணை வைத்துத் தேடினால் ஒரே ஒருவர்தான் வருவார். அனுமதி தேவை என்று அவர் குறித்திருந்தால், ‘நான் இன்னார், உன் வகுப்புத் தோழன்’ என்று ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். அவர் சம்மதித்தால்தான் பெயர் பட்டியலில் சேரும்.

படி 6: காத்திருத்தல். திரையின் கீழ்மூலையில் எட்டு இதழ்கள் கொண்ட சிறு பூ ஒன்று இருக்கும். இணைப்பு இல்லாதபோது அது சிவப்பாக இருக்கும். இணைந்ததும் பச்சையாகும். அதில் ஓர் இதழ் மட்டும் சிவப்பாகவே இருக்கும். பட்டியலில் இயங்கலையில் உள்ளவர்களின் பெயர்கள் நீல நிறத்திலும், இல்லாதவர்களின் பெயர்கள் சிவப்பிலும் தெரியும். செய்தி வந்தால், ‘அ-ஓ!’ என்று ஒரு சிறுவன் வியப்பது போன்ற ஒலி எழும். 1990களின் பிற்பகுதியில் சைபர் கஃபேக்குப் போனவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்த ஒலியை அவர்களே செய்து காட்டுவார்கள்.

பூ பச்சையாகும்போது என்ன நடக்கிறது?

இணைப்பு கிடைத்ததும் உங்கள் கணினி மூன்று செய்திகளை வழங்கிக்கு அனுப்புகிறது. ‘நான் இந்த எண்ணுக்குரியவர், இதோ என் கடவுச்சொல்’ என்பது முதலாவது. ‘நான் இன்று இந்த ஐ.பி. முகவரியில் இருக்கிறேன்’ என்பது இரண்டாவது. ‘என் நண்பர்கள் இவர்கள்’ என்ற எண் பட்டியல் மூன்றாவது.

வழங்கி தன் பதிவேட்டில் உங்களைக் குறித்துக்கொள்கிறது. பிறகு உங்கள் நண்பர்களின் எண்களைத் தேடி, இயங்கலையில் உள்ளவர்களை உங்களுக்குச் சொல்கிறது. உங்கள் எண்ணைத் தங்கள் பட்டியலில் வைத்திருப்பவர்களிடம், நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று சொல்கிறது. அவர்கள் திரையில் உங்கள் பெயர் நிறம் மாறுகிறது. இதற்குக் கணினியியலில் ‘இருப்பு நிலை’ என்று பெயர் சொல்லலாம்.

நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால்? தொலைபேசிக் கம்பி அறுந்தாலோ மின்சாரம் போனாலோ, ‘போகிறேன்’ என்று சொல்ல உங்கள் கணினியால் முடியாது. அதனால் அது சிறு இடைவெளிகளில் ‘இருக்கிறேன்’ என்று ஒரு சிறு பொட்டலத்தை வழங்கிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். வகுப்பில் ஆசிரியர் மீண்டும் மீண்டும் வருகை எடுப்பது போல. குறித்த நேரத்துக்குள் அந்தக் குரல் வராவிட்டால், வழங்கி உங்களை ‘இல்லை’ என்று குறித்துவிடும். இன்றைய செயலிகளும் இதே முறையைத்தான் வெவ்வேறு வடிவங்களில் பின்பற்றுகின்றன.

செய்தி எந்த வழியாகப் போனது?

பலர் நினைப்பது போல ஐ.சி.கியூ.வின் எல்லாச் செய்திகளும் வழங்கி வழியாகப் போகவில்லை. இருவரும் இயங்கலையில் இருந்தால், உங்கள் கணினிக்கு நண்பரின் முகவரி ஏற்கெனவே தெரியும். ஆகவே, அது நேரடியாக நண்பரின் கணினியோடு இணைப்பு ஏற்படுத்திச் செய்தியைக் கொடுத்துவிடும். தபால்காரர் இல்லாமல், நீங்களே நடந்துபோய் நண்பர் வீட்டு வாசலில் கடிதம் கொடுப்பதைப் போன்றது இது. வழங்கியின் சுமை குறைகிறது. செய்தியும் விரைவாகச் சேர்கிறது.

50 ஆங்கில எழுத்துகள் கொண்ட ஒரு செய்தியில் 400 பிட் இருக்கும். 33,600 பிட் வேக மோடத்தில் அதை அனுப்ப 0.012 வினாடி போதும். படமோ பாட்டோ அனுப்பத் திணறிய அதே கம்பிக்கு எழுத்து ஒரு சுமையே இல்லை. உடனடிச் செய்தி அந்த மெதுவான காலத்திலேயே வேரூன்ற இது ஒரு முக்கியக் காரணம்.

நண்பர் இயங்கலையில் இல்லாவிட்டால், செய்தி வழங்கியிடம் போகும். வழங்கி அதைப் பத்திரமாக வைத்திருந்து, அவர் அடுத்த முறை வரும்போது கொடுக்கும். ஆக, நேரடி வழி ஒன்று, வழங்கி வழி ஒன்று என்று இரண்டும் சேர்ந்தே ஐ.சி.கியூ.

தமிழில் எழுத முடிந்ததா?

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். நீங்கள் ஒரு விசையை அழுத்தும்போது அதற்குரிய எண்தான் பயணம் செய்கிறது. எதிர்முனையில் உள்ள கணினி அந்த எண்ணைப் பார்த்து, தன் எழுத்துருவில் அதற்கான வடிவத்தை வரைகிறது.

அக்காலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பதே வழக்கம். ஒரு பைட்டில் 256 எண்கள்தாம் அடங்கும். அவற்றில் முதல் பாதி ஆங்கிலத்துக்கும் குறிகளுக்கும் போய்விட்டது. மீதியில் தமிழை அமர்த்தினார்கள். ஆனால், ஒவ்வோர் எழுத்துரு உருவாக்குநரும் ஒவ்வொரு வரிசையில் அமர்த்தினார். ஒருவருக்கு ‘க’ என்பது மற்றொருவருக்கு ‘ண’ ஆனது. அனுப்புபவரிடமும் பெறுபவரிடமும் ஒரே எழுத்துரு இருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால், திரை முழுக்கப் பொருளற்ற குறிகளே தெரியும்.

மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் கணினியில் தமிழ் எழுத வழிசெய்தன. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பல நாட்டுத் தமிழ் அறிஞர்கள் கூடிப் பேசினார்கள். 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் நடந்த தமிழிணைய மாநாடுகள் அவற்றில் முக்கியமானவை. அதுவரை அரட்டையில் பெரும்பாலோர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டினார்கள். இன்றும் பலர் அப்படித் தட்டுவதற்கு அந்தக் காலப் பழக்கமும் ஒரு காரணம்.

இன்று யூனிகோடில் ஒவ்வோர் எழுத்துமுறைக்கும் தனி எண்கள் உண்டு. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை ஒதுக்கப்பட்டுள்ளது. ‘அ’வின் எண் 2949, ‘க’வின் எண் 2965. உலகில் எந்தப் பேசியில் திறந்தாலும் 2965 ‘க’தான். ‘வணக்கம்’ என்று நீங்கள் அனுப்பும்போது, புள்ளிகளும் தனித்தனியாக எண்ணப்பட்டு ஏழு எண்கள் போகின்றன. யூ.டி.எஃப்-8 முறையில் ஓர் எண்ணுக்கு மூன்று பைட் என்பதால், அந்தச் சொல்லின் நீளம் 21 பைட். ‘அம்மா’ என்ற சொல்லுக்கு எத்தனை பைட் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

யாருக்குத் தெரியலாம்?

இப்போது படி 3க்குத் திரும்புவோம். அனுமதிப் பக்கத்தைப் படிக்காமல் தாண்டிப் போனவர்களுக்கு என்ன நேர்ந்தது?

முதலாவது, அறிமுகமில்லாதவர்கள் அவர்களைத் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ள முடிந்தது. அவர்கள் எப்போது வருகிறார்கள், எப்போது போகிறார்கள் என்று முகம் தெரியாத ஒருவர் நாள்தோறும் பார்க்கலாம். அவர்கள் ஒரு சொல்கூட எழுதியிருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, நேரடி இணைப்புக்கு ஐ.பி. முகவரி தேவை என்று பார்த்தோம் அல்லவா? அந்த வசதியே ஆபத்தாகவும் ஆனது. முகவரி தெரிந்தால் அங்கே தீங்கான பொட்டலங்களையும் அனுப்பலாம். 1997இல் பரவிய ‘வின்நியூக்’ என்ற தாக்குதல், முகவரி மட்டும் தெரிந்தால் போதும், விண்டோஸ் 95 கணினியை நீலத்திரையோடு முடக்கியது.

மூன்றாவது, தொடக்கப் பதிப்புகளில் செய்திகள் மறையாக்கம் செய்யப்படாமலே போயின. அஞ்சலட்டையில் எழுதியதைப் போல, வழியில் பார்க்க வசதி உள்ளவர் படித்துவிடலாம். நண்பர்களின் பட்டியலும் பழைய உரையாடல்களும் பயன்படுத்திய கணினியிலேயே சேமிக்கப்பட்டன. வீட்டுக் கணினி என்றால் அது நல்லது. உங்கள் செய்தி உங்களிடமே இருக்கும். சைபர் கஃபே என்றால், அடுத்து வந்து உட்காருபவர் அதைத் திறந்து பார்க்கலாம்.

பலர் தம் வயது, ஊர், தொலைபேசி எண் ஆகியவற்றையும் விவரப் பக்கத்தில் நிரப்பினார்கள். கட்டம் காலியாக இருந்தால் நிரப்ப வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால், அந்த விவரப் பக்கத்தை உலகில் எவரும் தேடிப் பார்க்க முடிந்தது.

இவை பழைய கதைகள் என்று தள்ளிவிடாதீர்கள். புலனத்தில் இருவரிடையே செல்லும் செய்திகள் முழுமையாக மறையாக்கம் செய்யப்படுவது 2016இலேயே நிறைவேறியது. ஆகவே, மூன்றாவது குறையில் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. முதல் குறை இன்னும் நம்மோடுதான் இருக்கிறது. மறையாக்கம் நீங்கள் எழுதியதை மறைக்கும்; நீங்கள் எப்போது இருந்தீர்கள் என்பதை மறைக்காது. ‘கடைசியாகப் பார்த்த நேரம்’ ஒருவரின் திரையில் ஒரு வாரம் தொடர்ந்து தெரிந்தால், நீங்கள் எப்போது தூங்குகிறீர்கள், எப்போது எழுகிறீர்கள், தேர்வுக்கு முதல் நாள் இரவு எத்தனை மணிவரை விழித்திருந்தீர்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும்.

ஆனால், உங்களுக்கு அந்தத் தேர்வு இன்றும் உண்டு. உங்கள் செயலியின் அமைப்புகளில் ‘தனியுரிமை’ பகுதியைத் திறந்து பாருங்கள். கடைசியாகப் பார்த்த நேரம், சுயவிவரப் படம், குழுக்களில் யார் உங்களைச் சேர்க்கலாம் என்ற வரிகள் இருக்கும். ஐ.சி.கியூ. பதிவுப் பக்கத்தில் கேட்ட அதே கேள்விகள்தாம் இவை. ஒரு வேறுபாடு உண்டு. ஐ.சி.கியூ. தொடங்கும்போதே கேட்டது. இப்போது நாம்தான் தேடிப்போய்ப் பார்க்க வேண்டும்.

பூ உதிர்ந்த பிறகு

ஐ.சி.கியூ.வின் வளர்ச்சி மிக விரைவானது. ஒருவர் சேர்ந்தால், தம் நண்பர்களும் சேர்ந்தால்தான் அவருக்குப் பயன். அதனால் ஒவ்வொரு பயனரும் பிறரை அழைத்தார்கள். வெளிவந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், 1998 ஜூனில் அமெரிக்கா ஆன்லைன் நிறுவனம் மிராபிலிஸை 287 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. 2001இல் ஐ.சி.கியூ.வில் பதிவு செய்தவர்களின் எண்ணிக்கை 100 மில்லியனை எட்டியது.

அதற்குள் போட்டியும் வந்துவிட்டது. அமெரிக்கா ஆன்லைனின் சொந்தச் செய்தி மென்பொருள் 1997இலும், யாஹூவினுடையது 1998இலும், மைக்ரோசாஃப்டின் எம்.எஸ்.என். மெசஞ்சர் 1999இலும் வெளிவந்தன. எல்லாவற்றிலும் நண்பர் பட்டியலும் இருப்பு நிலையும் இருந்தன. ஆனால், ஒன்றில் உள்ளவர் மற்றொன்றில் உள்ளவரோடு பேச முடியவில்லை. நண்பர்கள் எங்கே போனார்களோ அங்கேயே எல்லாரும் போனார்கள். எந்தக் காரணத்தால் ஐ.சி.கியூ. வளர்ந்ததோ, அதே காரணத்தால் அது தேய்ந்தது.

2010இல் ரஷ்ய முதலீட்டு நிறுவனம் ஒன்று ஐ.சி.கியூ.வை வாங்கியது. 2024 ஜூன் 26ஆம் நாள் அதன் சேவை நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய 28 ஆண்டுகள் பச்சையும் சிவப்புமாக மாறிக்கொண்டிருந்த பூ அன்றோடு நின்றது. அந்த எண்ணை மனப்பாடமாக வைத்திருந்தவர்களுக்கு இப்போது அதனால் எந்தப் பயனும் இல்லை. வழங்கி நின்றால் அடையாளமும் நின்றுவிடும் என்பதை இது காட்டுகிறது.

அதன் கருத்து நிற்கவில்லை. 2009இல் வாட்ஸ்அப் தொடங்கப்பட்டபோது, ‘பள்ளியில் இருக்கிறேன்’, ‘இப்போது பேச இயலாது’ என்பது போன்ற நிலைகளைப் பெயருக்குப் பக்கத்தில் காட்டும் செயலியாகவே அது வந்தது. செய்தி அனுப்பும் வசதி அதன் பிறகே முதன்மையானது. ‘இருக்கிறாயா?’ என்ற கேள்விக்குத்தான் அங்கும் முதலிடம்.

வகுப்பில் செய்து பாருங்கள்

இதற்குக் கணினியே வேண்டாம். ஆறு மாணவர்கள், சில தாள்கள், ஒரு குறிப்பேடு, ஒரு கடிகாரம் போதும்.

1. ஒருவர் வழங்கி. குறிப்பேடும் கடிகாரமும் அவரிடம் இருக்கட்டும். மற்ற ஐவருக்கும் மாறாத எண்கள் கொடுங்கள்: 101 முதல் 105 வரை.

2. நாற்காலிகளுக்கு 1 முதல் 10 வரை எண் ஒட்டுங்கள். இவை ஐ.பி. முகவரிகள். ஐவரும் வகுப்புக்கு வெளியே நிற்கட்டும்.

3. ஒவ்வொருவராக உள்ளே வந்து, சீட்டு எடுத்து, அந்த எண்ணுள்ள நாற்காலியில் அமர வேண்டும். உடனே வழங்கிக்கு ஒரு தாளில் தம் எண், நாற்காலி எண், நண்பர் பட்டியல் ஆகியவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும்.

4. வழங்கி குறிப்பேட்டில் நேரத்தோடு குறித்துக்கொண்டு, உரியவர்களுக்குத் தாளில் தகவல் அனுப்பட்டும். பிறகு அவர்கள் ஒருவருக்கொருவர் மடித்த கடிதங்களை நேரடியாகக் கொடுத்துக்கொள்ளலாம்.

5. நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் ‘இருக்கிறேன்’ என்று வழங்கிக்குக் கையசைக்க வேண்டும். ஒருவர் மட்டும் சொல்லாமல் வெளியேறட்டும். மற்றவர்களுக்கு அது தெரிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து பாருங்கள்.

6. வெளியேறியவர் மீண்டும் வந்து வேறு நாற்காலியில் அமரட்டும். பழைய நாற்காலிக்கு அனுப்பிய கடிதம் என்ன ஆகிறது?

பத்து நிமிடம் கழித்து விளையாட்டை நிறுத்தி, வழங்கியாக இருந்தவரின் குறிப்பேட்டை வாங்கி எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். மடித்த கடிதம் ஒன்றைக்கூட அவர் பிரித்துப் படிக்கவில்லை. ஆனாலும், யார் எப்போது வந்தார், எப்போது போனார், யாருக்கு யார் நண்பர் என்பதெல்லாம் அந்தக் குறிப்பேட்டில் இருக்கும். விளையாட்டு முடிந்த பிறகு அந்தக் குறிப்பேடு யாரிடம் இருக்க வேண்டும், எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று வகுப்பில் விவாதியுங்கள்.